இடக்காலில் விழும் அடி

பெரிய டிரம்மைச் சுமப்பவருக்குத் தன் கால் தெரியாது. தோள்வாரில் மாட்டி வயிற்றுக்கு முன்னால் நிறுத்தினால், நெஞ்சிலிருந்து தொடைவரை டிரம்தான். ஆனால் அணி முழுவதும் கால் மாற்றுவது அதைக் கேட்டுத்தான். அந்த அடி விழும்போது எல்லோருடைய இடக்காலும் தரையில் பதிய வேண்டும். சின்ன டிரம்கள் இடையில் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். தன் காலையே பார்க்க முடியாத ஒருவரை நம்பித்தான் இத்தனை பேரும் அடியெடுத்து வைக்கிறார்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கல் விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக, காடாம்புலியூரில் காலை வேளையில் இந்தச் சத்தம் கேட்கும். முந்திரி பூவெடுக்கும் பருவம் அது. குடியரசு தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பழகுவார்கள். நெய்வேலி நகரியத்தில் பாரதி விளையாட்டரங்கத்தில் நடக்கும் அணிவகுப்பு இதைவிடப் பெரியது. மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை முன்னே போக, பள்ளி அணிகள் வரிசையாகப் பின்னால் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அளவுகோல் அந்த மைதானம்தான். என் தங்கை மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வருஷம் பெரிய டிரம் அவளுக்கு. அவளைப் பயிற்சி மைதானத்தில் விட்டுவிட்டு வேலியோரம் நின்றபோதுதான், எங்கள் வீட்டிலேயே மூன்று தலைமுறை இந்த டிரம்முக்குப் பின்னால் நடந்திருக்கிறது என்பது உறைத்தது. மூன்று நடையும் ஒன்றல்ல.

இடக்கால் வலக்கால் பாடம் நம் பக்கம் எப்படி வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் போய் தேவனாம்பட்டினத்தில் இறங்கினால் போதும். 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்ள, கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரை நிர்வாகம் மொத்தமாகக் கடலூருக்குக் குடிவந்தது. 1748 தொடக்கத்தில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற மேஜர் அங்கே கப்பலிறங்கினார். கிடங்குக் காவலுக்கென்று வைத்திருந்த ஆட்களைச் சிறு படைப்பிரிவுகளாகப் பிரித்து, ஒரே சத்தத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பவும் நடக்கவும் பழக்கினார். பிற்பாடு அவரை இந்தியப் படையின் தந்தை என்றே எழுதினார்கள்.

இடது வலதுக்கான ஆங்கிலச் சொல் பிடிபடாத சிப்பாய்களுக்கு ஒரு காலில் ஓலையையும் மறுகாலில் சீலைத் துண்டையும் கட்டி, ‘ஓலைக்கால், சீலைக்கால்’ என்று கத்தி நடக்கவைத்ததாக ஒரு கதை உண்டு. கேரளத்திலும் இதே சொற்களோடு சொல்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதைகளில் காய்ந்த புல்லும் வைக்கோலும் அதே வேலையைச் செய்கின்றன. எது உண்மை, எது வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்தது என்று பிரிக்க முடியாது. நாட்டுப்புறத்துப் பிள்ளையைப் படைக்காரனாக்குவதில் முதல் சிக்கல் துப்பாக்கி அல்ல, கால்தான் என்பதில் மட்டும் இரண்டு கண்டங்களும் ஒத்துப்போகின்றன.

அந்தப் படையில் டிரம் யார் கையில் இருந்தது? 1795-இல் கம்பெனி ஓர் ஆணை போட்டது. தாய் தந்தை இருவரில் ஒருவர் மட்டும் ஐரோப்பியரான பிள்ளைகளுக்குப் படையில் இடமில்லை. குழல் ஊதுபவர், டிரம் அடிப்பவர், பேண்டுக்காரர், லாடம் கட்டுபவர் என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கலப்பு மணத்தில் பிறந்தவனிடம் துப்பாக்கி தர மனமில்லை, டிரம்மைத் தரத் தடையில்லை. போருக்கு முன்னால் நடப்பவனுக்குப் போரிடும் தகுதி கிடையாது.

நம் ஊருக்கு இது புதிய ஏற்பாடா என்ன? சாவுக்கும் சாமிக்கும் பறை வேண்டும், அடிப்பவர் ஊர்த்தெருவுக்குள் வேண்டாம் என்ற ஒழுங்கு கம்பெனிக்கு எத்தனையோ காலம் முந்தியது. செத்த மாட்டின் தோல் தீட்டு. அதே தோலிலிருந்து எழும் சத்தம் இல்லாமல் தேர் நகராது, பிணமும் எழும்பாது. மேடையேறிய மிருதங்கத்தின் கதையும் அடியில் இதுதான். பண்ருட்டிப் பலாமரம் பழத்துக்கு மட்டும் பேர்பெற்றதல்ல. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கக் கட்டைக்கும் இங்கிருந்துதான் மரம் போகும். அந்தக் கட்டைக்குத் தோல் வார்த்துத் தருபவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பத்தார் என்பதையும், வாசிப்பவர்கள் அவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகம் விரிவாகச் சொல்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, எத்தனை மிருதங்கம் சாய்ந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

தோல் விவகாரம் இப்படி இருக்க, பித்தளை வேறு வழியில் உள்ளே வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வரங்கள் பாடினார்; அதில் ஒன்று பிரிட்டன் ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டேதான். பிற்பாடு ஊர் ஊருக்குப் பேண்டு செட்டு முளைத்தது. இந்தியக் கல்யாண பேண்டுகளை ஆராய்ந்து 2005-இல் ‘பிராஸ் பாஜா’ எழுதிய கிரிகரி பூத், பரம்பரையாக மேளமடித்த சாதிகளிலிருந்தே பேண்டுக்காரர்கள் பெருவாரியாக வந்தார்கள் என்கிறார். சட்டையில் ஜிகினா ஏறியது. நிற்கும் இடம் ஏறவில்லை.

மேளமடிப்பதைக் கௌரவமாக மாற்றியது பள்ளிக்கூடம். இது சாதாரண மாற்றம் அல்ல. சுதந்திரம் வந்த மறுவருஷமே, 1948-இல், தேசிய மாணவர் படை (என்.சி.சி.) சட்டம் வந்தது. 1949-இல் பெண்கள் பிரிவு. 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஒன்றாயிற்று. சீருடை போட்டுக் கொடிக்கு முன்னால் நடப்பது படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகாத வேலை என்ற எண்ணம் ஒரு தலைமுறையில் காணாமல் போனது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாயிற்று.

அப்பா அந்தக் கட்டாயத்தில் சிக்கியவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.யு.சி. காலையில் மைதானத்தில் இந்தியில் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’, ‘தேஜ் சல்’. நிமிஷத்துக்கு 120 அடி, ஒவ்வொரு அடியும் 30 அங்குலம். மாலையில் விடுதியில் இந்தி எதிர்ப்புக் கூட்டம். 1965 ஜனவரி 27 அன்று அதே பல்கலைக்கழகத்து மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதற்குப் பிறகு ‘சாவ்தான்’ என்ற சத்தத்துக்குக் காலைச் சேர்ப்பது எப்படி இருந்தது என்று அப்பாவிடம் ஒருதரம் கேட்டேன். “காலு சேர்ந்துடும்டா, பழக்கம். வாயிதான் சேராது” என்றார். அணிநடையில் வாய்க்கு வேலை இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டளை மொழியைப் படையோடு மட்டும் நிறுத்தாமல் ஒரு மாநிலமே விவாதித்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா முதலமைச்சராக இருந்த சென்னை மாநிலச் சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இருமொழிக் கொள்கையின் பிறப்பு என்று அதைப் பாடப் புத்தகங்கள் சொல்லும். என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்ற வாசகமும் அதே தீர்மானத்தில்தான் இருந்தது. பாடப் புத்தகத்துக்கும் ஆட்சிமொழிக்கும் நிகராக மைதானத்துக் கத்தலையும் ஒரு சட்டமன்றம் எடைபோட்டது. அது அதிகப்படி என்று சொல்பவர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு சொல் மனசைத் தொடாமல் நேரே காலுக்குப் போகிறது என்றால், அது எந்த மொழிச் சொல் என்பது பெரிய விஷயம்தான். இன்றைக்கும் நம் கல்லூரி மைதானங்களில் கேட்பது ‘சாவ்தான்’தான். பள்ளிகளில் ஆங்கிலம், அதுவும் பிள்ளைகள் வாயில் ‘டென்ஷன்’, ‘ஸ்டாண்டடீஸ்’ என்று உருமாறி. யாழ்ப்பாணத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியின் மார்ச் பாஸ்டுக்கு ‘அணிநடை’ என்று பேர் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அங்கே அது கட்டுரைச் சொல் அல்ல, பிள்ளைகள் வாயில் புழங்கும் சொல். நாம் ‘அணிவகுப்பு’ என்று எழுதிவிட்டு ‘மார்ச் பாஸ்ட்’ என்று பேசுகிறோம்.

என் முறை எண்பதுகளில் வந்தது. படித்த பள்ளியின் பேரை விட்டுவிடுகிறேன். பேண்டு அறை என்பது விளையாட்டுச் சாமான் அறைக்குள் ஒரு மூலை. ‘கெட்டில்’ என்று நாங்கள் சொல்லும் சின்ன டிரம் நான்கு, ஒரு பெரிய டிரம், இரண்டு பியூகிள், ஒரு ஜோடி தாளத்தட்டு. பியூகிளின் வாய்ப்புறத்தில் ‘மீரட்’ என்று பொறித்திருக்கும். இந்தியா முழுக்கப் பேண்டு சாமான் போனது அந்த ஊரிலிருந்துதான். 1885-இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அங்கேதான் இருக்கிறது. ஆகஸ்ட், ஜனவரி என்று வருஷத்துக்கு இரண்டு முறை பூட்டு திறக்கும். முதல் நாள் முழுக்க பிராஸோவும் பழந்துணியுமாகத் தேய்ப்போம். கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸை நனைத்துப் பூசுவோம். நடந்து முடிப்பதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

டிரம்மில் அப்போதும் தோல்தான். அமெரிக்காவில் ரெமோ பெல்லி 1957-இலேயே பிளாஸ்டிக் முகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் பள்ளிக்கு அந்தச் செய்தி வரவில்லை. ஆகஸ்டில் ஒரு மழை பெய்தால் தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று சாக்கில் அடிப்பதுபோல் கேட்கும். ஒரு சுதந்திர தினத்தன்று அதுதான் நடந்தது. விருந்தினர் வந்து நிற்கிறார், டிரம் பேசவில்லை. பி.டி. வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று. எங்களில் ஒருவன் ஓடிப்போய்ச் சத்துணவுக் கூடத்து அடுப்பில் தென்னோலையைக் கொளுத்தி டிரம் முகத்தைக் காட்டி எடுத்து வந்தான். கணீரென்று ஆகிவிட்டது. அவன் அப்பா ஊரில் பறையடிப்பவர். தீயில் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும்.

“நீயே டிரம் எடுத்துக்கோடா” என்று வாத்தியார் அன்றைக்கே சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவன் “பியூகிள் குடுங்க சார், டிரம் வாணாம்” என்றான். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை அந்தப் பள்ளியில் டிரம் பிடித்தவர்கள் யார் யார், எந்தத் தெரு என்று எண்ணிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். எங்கள் கையில் டிரம் பரிசு. அவன் கையில் ஏறினால், அது அவன் அப்பாவின் கருவியாகத்தான் ஊரின் கண்ணுக்குத் தெரியும். கௌரவம் டிரம்முக்கு வந்ததாக நாங்கள் நினைத்திருந்தோம். வந்தது எங்கள் சட்டைக்கு.

இரண்டு கருவியையும் பிடிக்கும் கையை உற்றுப் பார்த்தால் இந்தப் பிரிவினை இன்னும் வேடிக்கையாகத் தோன்றும். தோள்வாரில் தொங்கும் கெட்டில் டிரம் ஒரு பக்கம் சரிந்து இருக்கும். அதனால் இடக்கை குச்சியை உள்ளங்கை மேல்நோக்கப் பிடிக்கும், வலக்கை சாதாரணமாகப் பிடிக்கும். பறையிலும் இரண்டு கைக்கும் இரண்டு நியாயம்: வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. ஒரு கை சொல்ல, மறுகை பேச்சை நிரப்புகிறது. வேறுபாடு காலில்தான். அணிநடையில் அடி இடக்காலோடு கட்டுண்டது. கால் நேரே போகும், திரும்பினால் சதுரமாகத் திரும்பும். பறையில் சப்பரத்தடி, மருள் அடி, மாரடிப்பு அடி என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடவு. அடிப்பவரே ஆடுகிறார், வட்டம் போடுகிறார், குனிகிறார். ஒன்று பிறரை நடக்கவைக்கும் கருவி. மற்றது அடிப்பவரையே ஆடவைக்கும் கருவி.

என் பள்ளிக் காலத்துக்குள் அமெரிக்காவில் அணிநடை வேறு திசையில் போய்விட்டிருந்தது. அங்கேயும் தொடக்கம் படைதான். உலகப் போர்களிலிருந்து திரும்பியவர்களின் சங்கங்களும் தேவாலயங்களும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து, மலிவான பியூகிளையும் டிரம்மையும் கொடுத்து ‘டிரம் கார்ப்ஸ்’ நடத்தின. ஊர்வலம் போய், பிறகு ஊருக்கு ஊர் போட்டி போட ஆரம்பித்தார்கள். நடுவர்கள் நோட்டும் கையுமாக வரிசைக்குள்ளேயே நடப்பார்களாம்; பிசகிய அடி ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு புள்ளி வெட்டு. 1972-இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டர் என்ற ஊரில், குழுக்களே சேர்ந்து அமைத்த டிரம் கார்ப்ஸ் இண்டர்நேஷனலின் முதல் சாம்பியன் போட்டி நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது. எண்பதுகளில் வெட்டுப்புள்ளி முறை போய், எவ்வளவு கடினமானதை எவ்வளவு அழகாகச் செய்தார்கள் என்று கூட்டிப் போடும் முறை வந்தது. கவனியுங்கள், மாறியது மதிப்பெண் முறை மட்டும்தான். ஆனால் அதோடு எல்லாமே மாறியது. தப்பு செய்யாமல் இருப்பது லட்சியமாக இருந்தவரை அது படை. வியக்கவைப்பது லட்சியமானதும் நாடகமாகிவிட்டது. 2000-இல் ஜி சுருதி பியூகிள்தான் வேண்டும் என்ற விதி தளர்ந்தது, 2004-இல் ஒலிபெருக்கி வந்தது, 2009-இல் மின்னணுக் கருவி. 1938-இல் தொடங்கி ஆண்கள் மட்டுமே இருந்த மேடிசன் ஸ்கௌட்ஸ் 2019-இல் எல்லோருக்கும் கதவு திறந்தது. ஒரு கதவு திறக்கும்போது இன்னொன்று சாத்திக்கொண்டது: தெருப் பிள்ளைக்காகத் தொடங்கியதில் இன்று ஒரு கோடைக்காலம் நடக்கச் சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்கள் சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன. பழைய ஆட்கள் ‘எங்க காலத்துல தெருவுக்குத் தெரு ஒண்ணு இருந்துச்சு’ என்று சொல்கிற ஏக்கம் எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கக்கூடியதுதான்.

நம்மிடம் அணிநடை இவ்வளவு காலமும் போட்டியாகவில்லை. மாவட்ட விளையாட்டு விழாவில் சிறந்த அணிக்கு ஒரு கேடயம் தருவார்கள், அவ்வளவுதான். கேரளத்தில் பள்ளிக் கலோத்சவத்தில் பேண்டு ஒரு போட்டி வகை. நம்மூரில் அது விருந்தினரை மேடைக்கு அழைத்து வரும் வேலை. டிரம் எப்போதும் இன்னொன்றுக்காக அடித்தது: கொடிக்காக, சாமிக்காக, பிணத்துக்காக, மந்திரிக்காக. டிரம்முக்காக டிரம்மைக் கேட்பது புதுப் பழக்கம்.

அந்தப் பழக்கம் இப்போது டெல்லியிலிருந்து வருகிறது. ஒன்றியக் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து தேசியப் பள்ளி பேண்டுப் போட்டி நடத்துகின்றன. நான்கு மண்டலம், ஆண்கள் பித்தளை, பெண்கள் பித்தளை, ஆண்கள் பைப், பெண்கள் பைப் என்று நான்கு பிரிவு, இறுதிக்கு 16 குழு. 2025 ஜனவரி 24, 25 தேதிகளில் மேஜர் தியான்சந்த் விளையாட்டரங்கில் இறுதிச் சுற்று நடந்தது. இர்வின் விளையாட்டரங்கம் என்ற பழைய பேரில், 1950-இல் முதல் குடியரசு தின அணிவகுப்பு நடந்த இடமும் அதுதான். பெண் பிள்ளைகளுக்கு ஆண்களுக்குச் சமமாகப் பிரிவு ஒதுக்கியிருப்பது நல்லது. என் காலத்தில் பெண்கள் பேண்டுக்கு முன்னால் பூத்தட்டு ஏந்தி நின்றார்கள். ஆனால் பிரிவுகளைத் திரும்பப் படியுங்கள். பித்தளையும் பைப்பும்தான். நான்கு டிரம்மும் இரண்டு பியூகிளும் வைத்திருக்கும் கிராமத்துப் பள்ளிக்கு எந்தப் பிரிவு? பைப் ஒன்று வாங்கும் காசுக்கு எத்தனை டிரம் வாங்கலாம்? அமெரிக்காவில் ஐம்பது வருஷத்தில் நடந்தது இங்கே விதியிலேயே தொடங்கிவிட்டது. பறைக்கும் தவிலுக்கும் அந்த மைதானத்தில் இடம் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பறை வேறு வழியில் முன்னேறியிருக்கிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களைப் பறையோடு மேடையேற்றியது; 2007-இல் சென்னை சங்கமம் விழா பறையைப் பூங்காவுக்கு அழைத்து வந்தது; கல்லூரிப் பிள்ளைகள் வார இறுதிப் பயிற்சியில் கற்கிறார்கள். 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. கடல் கடந்த தமிழ்ச் சங்க விழாக்களில் அதுவே அடையாளம். நல்ல சம்பளக்காரர்கள் ஜீன்ஸோடு பறையைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளும்போது, அன்றைக்கு பியூகிள் கேட்டவனை நினைத்துக்கொள்வேன். அவன் இப்போது முந்திரி கம்பெனி ஒன்றில் மேஸ்திரி. அவன் மகன் செண்டை மேளக் குழுவில் இருக்கிறான். கல்யாணம், கடைத் திறப்பு என்று வாரத்துக்கு இரண்டு அழைப்பு வருகிறது. “பறை அடிச்சா சாவுக்குக் கூப்புடுவான், செண்ட அடிச்சா கல்யாணத்துக்குக் கூப்புடுவான். தோலு ஒண்ணுதான் அண்ணே” என்றான்.

இந்த ஜனவரிக்குத் திரும்புகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையில் இப்போது இருப்பது பிளாஸ்டிக் முகம். மழைக்குத் தொய்யாது, தீயும் வேண்டாம். சத்தம் கொஞ்சம் வறட்சி. டிரம் பிடித்தவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். காலனிப் பிள்ளைகளும் இருந்தார்கள். யார் எந்தத் தெரு என்று என் கண் தானாகத் தேடியது, அவர்கள் கண் தேடியதாகத் தெரியவில்லை. மைதானத்தை மூன்று சுற்று வந்தார்கள். இரண்டாம் சுற்றில் சின்ன டிரம்கள் ஓடப்பார்த்தன, பெரிய டிரம் விடாமல் பிடித்து நிறுத்தியது. முடிந்ததும் தங்கை மகள் டிரம்மை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். தோளில் வார் பதிந்த சிவப்பு.

“ஒன் காலு ஒனக்குத் தெரியல இல்ல? அப்பறம் எப்படிம்மா சரியா இடக்கால்ல அடிக்கற?”

“முன்னாடி கெட்டில் அடிக்கறான் இல்ல மாமா, அவன் ஷூவப் பாரு” என்றாள்.

பார்த்தேன். வலது ஷூவில் வெள்ளைக் கயிறு. இடது ஷூவில் கயிறு அறுந்துபோயிருக்க வேண்டும். பழைய சீருடைத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தான், நீலத்தில்.

“அவன் மாத்திட்டா?”

“மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”